கேட்டலும் கணக்கெடுத்தலும்: மெக்கன்சியிலிருந்து நர்மதை வரை

1

பெருந்திட்டங்களால் பாதிக்கப்படுவோர் பற்றிய பேச்சு ஏறக்குறைய எண்களின் பேச்சாகிவிட்டது. இத்தனை ஊர், இத்தனை குடும்பம், இத்தனை ஹெக்டேர் காடு, தலைக்கு இவ்வளவு இழப்பீடு. அரசு ஒரு எண்ணைச் சொல்கிறது. இயக்கம் அதைப் போல ஐந்து மடங்கு எண்ணைச் சொல்கிறது. இந்தச் சண்டை தேவையானதுதான். எண்ணப்படாதவருக்கு நிலமும் கிடையாது, பணமும் கிடையாது என்கிற நிலையில் எண்ணிக்கைக்காகப் போராடாமல் முடியாது. ஆனால் அந்தச் சண்டைக்கு முந்திய கேள்விகள் சில இருக்கின்றன. எண்ணுவது யார்? எந்த வகைப்பாடுகளை வைத்துக்கொண்டு எண்ணுகிறார்? எண்ணப்படுகிறவர் 'இது எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்வதற்கு அந்தக் கணக்கில் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' என்கிற சொற்றொடருக்கு ஒரு அறிவியல் வாசனை உண்டு. வெப்பமானி வைத்துக் காய்ச்சலைப் பார்ப்பது மாதிரி, கருவி வைத்து அளந்து சொல்லிவிடலாம் என்ற தோற்றத்தை அது தருகிறது. இதன் சட்டப் பிறப்பு அமெரிக்காவில்: 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். பெரிய காரியம் எதையும் செய்வதற்கு முன் அதன் விளைவுகளை எழுதிவைக்க வேண்டும் என்று மத்திய அரசுத் துறைகளுக்கு அது கட்டளையிட்டது. கவனிக்க வேண்டும்: எழுதிவைக்கத்தான் சொன்னது. விளைவு மோசமாயிருந்தால் காரியத்தைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பிறக்கும்போதே அது காகிதம் சார்ந்த கடமையாகப் பிறந்தது.

அந்தக் காகிதக் கடமை, இருபதாம் நூற்றாண்டில் ஓரிரு தருணங்களில் மட்டும், வேறொன்றாக மாறியது: மக்களிடம் போய் உட்கார்ந்து கேட்பதாக. முதலாவது, 1974-77இல் கனடாவின் வடமேற்கில் மெக்கன்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில். இரண்டாவது, 1991-92இல் நர்மதையில். இரண்டிலும் தாமஸ் பெர்ஜர் என்ற ஒரே மனிதர் இருந்தார் என்பது வரலாற்றின் தற்செயல்களில் ஒன்று. ஒரு நல்ல நீதிபதியின் கதையாக இதை வாசிக்கலாம். அப்படித்தான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த வாசிப்பு நமக்கு உதவாது. நல்லவர் ஒருவர் கிடைத்தால் நல்லது நடக்கும் என்பது ராஜா காலத்து நம்பிக்கை. எந்த ஏற்பாடுகள் அந்தக் கேட்டலைச் சாத்தியமாக்கின, அவை பிறகு எப்படி ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன என்பதே இங்கு பேச வேண்டியது.

2

கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் ஓடி ஆர்க்டிக் கடலில் விழுகிறது மெக்கன்சி ஆறு. 1789இல் அதன் வழியே போன கம்பளி ரோம வணிகர் ஒருவரின் பெயர்தான் வரைபடத்தில் இருக்கிறது. அங்கே வாழும் டெனே மக்கள் அதைத் 'தே சோ', அதாவது பெரிய ஆறு, என்கிறார்கள். கழிமுகத்தில் இனுயிட் மக்கள். 1970களில் பள்ளத்தாக்கிலும் மேற்கு ஆர்க்டிக்கிலுமாக ஏறத்தாழ 30,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பூர்வகுடிகள்.

இந்த மக்களோடு அரசு ஒப்பந்தம் போட்ட வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். நெடுங்காலம் கனடா அரசுக்கு வடக்கின் நினைப்பே இல்லை. 1920இல் நார்மன் வெல்ஸ் என்னுமிடத்தில் எண்ணெய் கிடைத்தது. 1921இல் ஒப்பந்தக் கமிஷனர் வந்துவிட்டார்! பதினொன்றாம் ஒப்பந்தம் எனப்படுவது இதுதான். ஆண்டுக்குத் தலைக்கு ஐந்து டாலர். நிலத்தை விட்டுக்கொடுத்ததாக அரசின் பிரதி சொல்கிறது. நட்புக்கும் சமாதானத்துக்கும் கைகுலுக்கினோம், நிலத்தைப் பற்றிய பேச்சே வரவில்லை என்று டெனே முதியவர்களின் நினைவு சொல்கிறது. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் வாய்மொழி. எது வரலாறு என்று யார் தீர்மானிப்பது?

1973இல் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. அவ்வாண்டு ஜனவரியில், நிஸ்கா மக்கள் தொடுத்த கால்டர் வழக்கில், ஐரோப்பியர் வருமுன்பே பூர்வகுடிகளுக்கு நில உரிமை இருந்தது என்று கனடா உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏழு பேரில் ஆறு பேர் ஏற்றுக்கொண்டார்கள். அந்த உரிமை இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதில் மூவர் இப்படியும் மூவர் அப்படியுமாகப் பிரிந்தார்கள். நுட்பக் காரணத்தால் வழக்கு தோற்றது. ஆனால் 'உங்களுக்கு உரிமையே கிடையாது' என்று அரசு இனி சொல்ல முடியாதபடி ஆயிற்று. நிஸ்கா மக்களின் வழக்கறிஞர்தான் பெர்ஜர். அதே ஆண்டு, டெனே தலைவர்கள் தொடுத்த பாலெட் வழக்கில் நீதிபதி வில்லியம் மாரோ ஊர் ஊராகப் போய், ஒப்பந்தம் போட்ட நாளில் உடனிருந்த முதியவர்களிடம் சாட்சியம் கேட்டார். நில உரிமை பறிபோனது என்பது ஐயத்துக்குரியது என்று தீர்ப்பெழுதினார். மேல்முறையீட்டில் இது நிற்கவில்லை. என்றாலும் நீதிமன்றம் ஊருக்குப் போகலாம், கிழவர் கிழவிகளின் நினைவு ஆவணமாக எண்ணப்படலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரி கிடைத்துவிட்டது.

இந்தப் பின்னணியை விட்டுவிட்டு மெக்கன்சி விசாரணையைப் புரிந்துகொள்ள முடியாது. 1968இல் அலாஸ்காவின் ப்ரூடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய், எரிவாயுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. 1973இல் எண்ணெய் நெருக்கடி. அலாஸ்கா எரிவாயுவையும் மெக்கன்சி கழிமுக எரிவாயுவையும் தெற்கே கொண்டுபோக 'கனேடியன் ஆர்க்டிக் கேஸ்' என்ற கூட்டுக் கம்பெனி 48 அங்குலக் குழாய் பதிக்க விண்ணப்பித்தது. போட்டிக்கு 'ஃபுட்ஹில்ஸ்' என்ற இன்னொரு கம்பெனி. லிபரல் அரசு சிறுபான்மை அரசாக, புதிய ஜனநாயகக் கட்சியின் தயவில் ஓடிக்கொண்டிருந்த நேரம். 1974 மார்ச்சில் பெர்ஜரை விசாரணைக்கு நியமித்தார்கள். அப்போது அவர் பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்ற நீதிபதி, முன்னாளில் அந்தக் கட்சியின் மாநிலத் தலைவரும்கூட. சட்டத்தில் விழுந்த ஓட்டை, ஊசலாடும் அரசு, எழுந்துவரும் பூர்வகுடி இயக்கம். இம்மூன்றும் சேர்ந்த இடைவெளியில்தான் இது நடந்தது. அரசின் பெருந்தன்மையால் அல்ல.

3

விசாரணைகள் 1975 மார்ச்சில் தொடங்கி 1976 நவம்பரில் முடிந்தன. இரண்டு தடங்களில் அவை ஓடின. யெல்லோநைஃப் நகரில் முறைப்படியான விசாரணை: ஏறத்தாழ 300 நிபுணர்கள், குறுக்கு விசாரணை, வழக்கறிஞர்கள். இன்னொரு தடம் ஊர்களில். 35 ஊர்கள், ஏறத்தாழ 1,000 சாட்சிகள். அங்கே குறுக்கு விசாரணை கிடையாது. நேர வரம்பு கிடையாது. ஊர்க்கூடத்தில் உட்கார்ந்து, பேச விரும்பிய கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை கேட்டார்கள். பேசுகிறவர் தன் மொழியில் பேசலாம்.

நான்கு ஏற்பாடுகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது, காலம். குழாய் இன்னும் பதிக்கப்படவில்லை; அனுமதியும் தரப்படவில்லை. முடிவுக்கு முன்னால் கேட்பதும் முடிவுக்குப் பின்னால் கேட்பதும் ஒன்றல்ல. பின்னால் கேட்பதற்குப் பெயர் ஆறுதல்.

இரண்டாவது, பணம். எதிர்த்துப் பேசுவோருக்கும் நிபுணர் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், பயணச் செலவு வேண்டும். பூர்வகுடி அமைப்புகளுக்கும் சூழலியல் குழுக்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் அரசே ஏறத்தாழ 17 லட்சம் டாலர் கொடுத்தது. கம்பெனிகள் தங்கள் ஆய்வுகளுக்கு இறைத்த பணத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறைதான். ஆனால் இந்தச் சில்லறை இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டுமே 'அறிவியல்' பேசியிருக்கும்.

மூன்றாவது, ஆவணம். அரசிடமும் கம்பெனிகளிடமும் இருந்த ஆய்வறிக்கைகள் எல்லாத் தரப்பினருக்கும் கிடைக்கச் செய்யப்பட்டன.

நான்காவது, மொழியும் வானொலியும். கனடா ஒலிபரப்புக் கழகத்தின் வடக்குச் சேவை, லூஷு, ஸ்லேவி, டாக்ரிப், சிப்பவாயன், இனுக்டிடூட் ஆகிய ஐந்து மொழிகளிலும் ஆங்கிலத்திலும் அன்றன்று நடந்ததை ஒலிபரப்பியது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த ஊர்கள் ஒன்றையொன்று கேட்டன. யெல்லோநைஃபில் நிபுணர் ஒருவர் சொன்னதை ஒரு வேட்டைக்காரர் ராத்திரி வானொலியில் கேட்டுவிட்டுத் தன் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்ல முடிந்தது. 'ஒலிபரப்பு' என்ற சொல்லை நாம் மேலிருந்து கீழே போவதாகவே நினைத்துப் பழகியிருக்கிறோம். இங்கே அது பக்கவாட்டில் போயிற்று. 1975 ஜூலையில் ஃபோர்ட் சிம்சனில் கூடி 'நாங்கள் ஒரு தேசம்' என்று டெனே மக்கள் பிரகடனம் செய்ததும், விசாரணை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததும் ஒரே காலம் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

1975 ஆகஸ்டில் ஃபோர்ட் குட் ஹோப் ஊரில் இளம் தலைவர் ஃப்ராங்க் ட்செலே, அங்கே வந்திருந்த ஃபுட்ஹில்ஸ் கம்பெனித் தலைவரைப் பார்த்து நேருக்கு நேர் பேசினார். பழங்குடிகளை அழிக்கப் படையோடு வந்த ஜெனரல் கஸ்டருடைய இருபதாம் நூற்றாண்டு வடிவம் நீங்கள் என்று சொன்னார். கம்பெனித் தலைவர் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. விளிம்புநிலையினர் பேச முடியுமா என்று 1988இல் ஸ்பிவாக் கேட்ட கேள்வி நம் சிறுபத்திரிகைகளிலும் நிறையச் சுற்றிவந்தது. அவர்கள் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் எதிரே இருப்பவருக்கு எப்போது ஏற்படுகிறது என்பதுதான் அரசியல்.

4

சரி, கேட்டதால் மதிப்பீட்டில் என்ன மாறிற்று? மூன்று கணக்குகள் புரண்டன.

ஒன்று, பரப்பளவுக் கணக்கு. குழாய்ப் பாதையின் அகலம் 120 அடி. பல லட்சம் சதுர மைல் நிலத்தில் இது எம்மாத்திரம்? பெரிய மைதானத்தின் குறுக்கே ஒரு நூல் கிடக்கிற மாதிரி, அவ்வளவுதான் என்றது ஆதரவுத் தரப்பு. அந்த நூலைப் பதிக்க வடக்கே 6,000 தொழிலாளிகள் வேண்டும். எரிவாயு நிலையங்களுக்கு இன்னும் 1,200 பேர். ஏறத்தாழ 600 ஆறு, ஓடைகளைக் குழாய் கடக்க வேண்டும். சரளைக்கல் எடுக்க ஏறத்தாழ 130 குழிகள். பிறகு ஒரு குழாய் போன வழியில் இன்னொரு குழாய் போகும், சாலை போகும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியது. சேர்த்துப் பார்த்தால் ஒரு தாழ்வாரமே உருவாகிறது. துண்டுபோட்டுப் பார்ப்பதே இத்தகைய மதிப்பீடுகளின் தந்திரம். பெர்ஜர் துண்டுபோட மறுத்தார்.

இரண்டு, இயற்கையின் கணக்கு. உறைநிலத்தில் வெப்பமான குழாய் பதித்தால் மண் உருகும். அதனால் எரிவாயுவைக் குளிர்வித்து அனுப்புவது என்பது ஏற்பாடு. ஆனால் வழி முழுக்க நிலம் உறைந்திருக்கவில்லை. உறையாத ஈரமண்ணில் குளிர்ந்த குழாய் போனால் அதைச் சுற்றி நீர் உறைந்து, பனிக்கட்டி அடுக்கடுக்காக வளர்ந்து, குழாயை மேலே தூக்கும். இதைத் தாங்கும் என்று ஆய்வகச் சோதனை காட்டியதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. விசாரணையின் கடைசிக் கட்டத்தில், சோதனைக் கருவியிலேயே கோளாறு இருந்ததென்று அதுவே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வடக்கு யூகான் கரையோரத்தில், அப்போதைய மதிப்பில் 1,10,000 தலைகள் கொண்ட போர்க்குப்பைன் கரிபு மான்கூட்டத்தின் ஈற்றுநிலம் இருக்கிறது. குட்டி போடும் வாரங்களில் மான்கூட்டம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை உயிரியலாளர்களும் சொன்னார்கள். ஓல்டு க்ரோ ஊர் மக்களும் சொன்னார்கள். இரண்டு அறிவுகளும் ஒரே பதிவேட்டில் ஏறின.

மூன்று, பொருளாதாரக் கணக்கு. இதுதான் மிக முக்கியமானது. வேட்டைப் பொருளாதாரம் செத்துக்கொண்டிருக்கிறது, இந்த ஜனங்களுக்குக் கூலிவேலைதான் கதி என்பது அன்றைய பொதுப்புத்தி. எப்படி வந்தது இந்த முடிவு? விற்ற ரோமத்தின் விலையை மட்டும் கூட்டி அதை 'வருமானம்' என்று போட்டதால். வீட்டில் தின்ற கரிபுக் கறிக்கும் மீனுக்கும் விலைச்சீட்டு இல்லை. ஆகவே கணக்கில் பூஜ்யம். காட்டுக்கு வேட்டைக்குப் போனவர் புள்ளிவிவரத்தில் 'வேலையில்லாதவர்'. அதே கறியைக் கடையில் வாங்கினால் என்ன விலையாகும் என்று கணக்கிட்டுக் காட்டியபோது செத்ததாகச் சொல்லப்பட்ட பொருளாதாரம் எழுந்து உட்கார்ந்தது. டெனே வேட்டைக்காரர்கள் வாழ்நாளெல்லாம் தாங்கள் போய்வந்த தடங்களை வரைபடத்தில் கோடுகளாகப் போட்டுக் காட்டினார்கள். 'காலி நிலம்' என்று அரசு வரைபடம் காட்டிய இடம் முழுக்கக் கோடுகளால் நிறைந்தது.

1977 மே மாதம் வெளிவந்த அறிக்கையின் தலைப்பைத் தமிழில் 'வடக்கு எல்லைப்புறம், வடக்குத் தாயகம்' என்று சொல்லலாம். தெற்கிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லைப்புறம். அங்கே இருக்கிறவனுக்கு வீடு. வடக்கு யூகான் வழியாகக் குழாய் எக்காலத்துக்கும் கூடாது. மெக்கன்சிப் பள்ளத்தாக்கில் பூர்வகுடிகளின் நில உரிமை தீர்க்கப்படும்வரை, பத்தாண்டுகளுக்குக் கூடாது. முன்னது 'வேண்டாம்'. பின்னது 'இப்போது வேண்டாம்'. இந்த வேறுபாடு முக்கியம்.

5

இதை ஒரு வெற்றிக் கதையாக முடித்துக்கொள்ள ஆசைதான். வரலாறு விடவில்லை. ஆர்க்டிக் கேஸ் விண்ணப்பத்தை 1977 ஜூலையில் தேசிய எரிசக்தி வாரியம் நிராகரித்தது உண்மை. ஆனால் அலாஸ்கா நெடுஞ்சாலையை ஒட்டிய மாற்றுவழி ஒன்று கையில் இருந்ததும் அதற்குக் காரணம். மூலதனத்துக்கு வேறு கதவு திறந்திருக்கும்போது ஒரு கதவைச் சாத்துவது எளிது. 1985இல் நார்மன் வெல்ஸிலிருந்து ஆல்பர்ட்டாவுக்குச் சிறிய எண்ணெய்க் குழாய் ஒன்று போயிற்று. அப்போது டெனே நில உரிமைக் கோரிக்கை எதுவும் தீர்ந்திருக்கவில்லை. கழிமுக இனுவியாலுயிட் மக்களோடு 1984இலும், க்விச்சின் மக்களோடு 1992இலும், சாது மக்களோடு 1993இலும் உடன்படிக்கைகள் ஏற்பட்டன.

பிறகு நடந்தது நம்மூர்த் தூய்மைவாதிகளுக்குச் சங்கடமாக இருக்கும். 2000இல் பூர்வகுடி அமைப்புகள் சில 'அபாரிஜினல் பைப்லைன் குரூப்' என்றொரு அமைப்பை உண்டாக்கிப் புதிய மெக்கன்சிக் குழாய்த் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டன. 1970களில் ஊர்விசாரணைகளுக்கு மக்களைத் திரட்டிய ஸ்டீஃபன் காக்வி, பிரதேச முதல்வராகிக் குழாயை ஆதரித்தார். விலைபோய்விட்டார் என்று சொல்லலாமா? காட்டையும் மானையும் காக்கும் காவல்தெய்வங்களாகப் பூர்வகுடிகளைச் சித்திரிப்பது நம்முடைய கற்பனை. அதற்கு அவர்கள் பொறுப்பல்ல. 1975இல் அவர்கள் கேட்டது தீர்மானிக்கும் உரிமையை. அந்த உரிமை வந்தபின் சிலர் 'ஆம்' என்றார்கள், சிலர் தொடர்ந்து 'இல்லை' என்றார்கள். 'இல்லை' சொல்ல முடிகிறவருடைய 'ஆம்' மட்டும்தான் சம்மதம். மற்றதெல்லாம் பணிவு. கடைசியில் எரிவாயு விலை சரிந்து 2017 டிசம்பரில் கம்பெனிகளே திட்டத்தைக் கைவிட்டன. மக்களின் சொல்லும் அல்ல, மான்களும் அல்ல, சந்தை முடித்துவைத்தது.

6

இந்த அனுபவம் நர்மதைக்கு எப்படி வந்தது? சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் மூன்றிலுமாக 245 ஊர்கள் நீரில் மூழ்கும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மூழ்குவோர் பெரும்பாலும் ஆதிவாசிகள். நர்மதா பச்சாவ் இயக்கத்தின் நீண்ட போராட்டம், குறிப்பாக 1990-91 குளிர்காலத்தில் குஜராத் எல்லையில் ஃபெர்குவாவில் நடந்த நெடும்பயண மறியலும் உண்ணாநோன்பும், வங்கியை நெருக்கின. தன் வரலாற்றில் முதல்முறையாகத் தன் திட்டமொன்றை வெளியார் ஆய்வு செய்ய வங்கி சம்மதித்தது. தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ், துணைத்தலைவர் பெர்ஜர். வட கனடாவில் வேட்டைச் சமூகங்களின் நிலவரைபடங்களோடு வேலை செய்த மானிடவியலாளர் ஹியூ பிராடியும் குழுவில் இருந்தார்.

வேறுபாடு உடனே தெரியும். மெக்கன்சியில் விசாரணை முதலில் வந்தது. நர்மதையில் ஒப்பந்தம் போட்டுக் கடன் வாங்கி அணை எழும்பிக்கொண்டிருக்கையில் விசாரணை வந்தது. இந்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி 1987 ஜூனில் தரப்பட்டபோது தேவையான ஆய்வுகள் முடிந்திருக்கவில்லை. ஆய்வும் அணையும் 'பாரி பாசு'வாக, அதாவது பக்கத்தில் பக்கத்தில் ஒரே சீராகப் போகட்டும் என்றார்கள். லத்தீன் சொல்லுக்குள் எவ்வளவு வசதி பாருங்கள். கான்கிரீட் ஏறிக்கொண்டிருக்கும், கூடவே அது ஏறலாமா என்று ஆய்வும் நடந்துகொண்டிருக்கும்!

கணக்கு விஷயத்தில் மெக்கன்சியின் கதையே இங்கும். 1979இல் நர்மதை நீர்த் தகராறு நடுவர் மன்றம் நிலத்துக்கு நிலம் என்று தீர்ப்பளித்திருந்தது. நாட்டில் அன்றிருந்த நிலைக்கு இது முன்னேற்றமானது. ஆனால் நிலம் இழந்தவர் என்றால் பட்டா உள்ளவர். தலைமுறை தலைமுறையாகக் காட்டை உழுத ஆதிவாசிக்குப் பட்டா ஏது? அவர் 'ஆக்கிரமிப்பாளர்'. காட்டை வனத்துறை எடுத்துக்கொண்டது பின்னால். அதில் உழுதுகொண்டிருந்தவர் முன்னால். இருந்தும் ஆக்கிரமித்தவர் அவரே! கால்வாய்க்காக நிலம் இழப்போர் 'திட்டத்தால் பாதிக்கப்பட்டோர்' அல்ல. அணைக் கட்டுமான நகரான கேவடியாவுக்காக நிலம் இழந்த ஊர்களும் அந்தப் பட்டியலில் இல்லை. யார் பாதிக்கப்பட்டவர் என்ற வரையறைதான் முதல் வெளியேற்றம், வெள்ளம் இரண்டாவது.

1992 ஜூனில் வெளியான மோர்ஸ் அறிக்கை, நீரில் மூழ்கும் பகுதியில் குறைந்தது ஒரு லட்சம் பேர் என்றும், கால்வாய்களால் மேலும் 1,40,000 விவசாயிகள் பாதிக்கப்படக்கூடும் என்றும் சொன்னது. இன்றைய நிலைமைகளில் அனைவரையும் மறுகுடியமர்த்துவது சாத்தியமில்லை. சூழல் விளைவுகள் சரியாக ஆராயப்படவில்லை. வங்கி பின்வாங்கி நிற்க வேண்டும் என்றது. வங்கி உடனே பின்வாங்கவில்லை. ஆறு மாதம் அவகாசம் கொடுத்துத் தொடர முடிவு செய்தது. 1993 மார்ச் இறுதியில் இந்திய அரசே மீதிக் கடன் வேண்டாமென்றது. அதே ஆண்டு வங்கி தனக்கென்று ஆய்வுக்குழு ஒன்றை நிரந்தரமாக ஏற்படுத்திக்கொண்டது. வங்கிக்கு ஒரு புதிய நடைமுறை கிடைத்தது. பள்ளத்தாக்குக்கு அணை கிடைத்தது. 2000 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கட்டுமானத்தைத் தொடர அனுமதித்தது. முறையான மதிப்பீடு இல்லாமலே அனுமதி தரப்பட்டிருக்கிறது என்று மாறுபட்டு எழுதியவர் நீதிபதி பருச்சா ஒருவரே. 2017 செப்டம்பரில் 138.68 மீட்டர் உயரத்தோடு அணை திறந்துவைக்கப்பட்டது.

ஆக, கேட்டல் ஒன்றும் மந்திரம் இல்லை. காலம் என்ற முதல் ஏற்பாட்டைக் கழற்றிவிட்டால், எவ்வளவு நேர்மையாகக் கேட்டாலும் அது சாட்சியமாக மட்டுமே எஞ்சும்.

7

இந்தியாவில் 1994 ஜனவரியில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. 1997 ஏப்ரலில் மக்கள் கருத்துக்கேட்பு சேர்க்கப்பட்டது. 2006இல் புதிய அறிவிக்கை. மெக்கன்சியின் நான்கு ஏற்பாடுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதிப்பீட்டை எழுதுவது திட்டக்காரரே காசு கொடுத்து அமர்த்தும் ஆலோசகர். எதிர்த்துப் பேசுவோருக்குப் பணம் கிடையாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கூட்டம். அறிக்கை ஆயிரம் பக்கமானாலும் மக்கள் மொழியில் கிடைப்பது சுருக்கம் மட்டும். தமிழ்நாட்டில் கருத்துக்கேட்புக்குப் போனவர்கள் தமிழ்ச் சுருக்கத்தையும் ஆங்கில அறிக்கையையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது இதனால்தான். 2020இல் இந்த அறிவிக்கையையே மாற்றும் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிடப்பட்டது. எட்டாம் அட்டவணை மொழிகள் 22இலும் மொழிபெயர்க்க வேண்டுமென்று அவ்வாண்டு ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மக்கள் கருத்துச் சொல்வதற்கான 30 நாளை 20 நாளாகக் குறைக்கவும் அந்த வரைவில் இடமிருந்தது. சில ஆயிரம் பேர் பேசும் மொழிகளிலும் 1975இல் வானொலி பேசியது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழிகளுக்கு 2020இல் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டுவது என்று முடிவாகி, மலையடியில் லாஞ்சிகரில் சுத்திகரிப்பு ஆலை முதலில் கட்டப்பட்டது. ஆலை தனி, சுரங்கம் தனி என்று காட்டி அனுமதி வாங்கப்பட்டது. அதே துண்டுபோடும் தந்திரம்தான். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகள் தீர்மானிக்கட்டும் என்றது. நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் மாநில அரசு 12ஐ மட்டும் தேர்ந்தெடுத்தது. ஜூலை, ஆகஸ்டில் மாவட்ட நீதிபதியின் முன்னிலையில் டோங்கிரியா கோண்டு, குட்டியா கோண்டு மக்களும் மற்றவர்களும் கூடினார்கள். 12 சபைகளும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. அங்கே எந்த நிபுணரும் மலைக்கு விலை போடவில்லை. விலை போட வேண்டிய கட்டாயமே எழவில்லை. காரணம், 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு முதன்முறையாகச் சட்டத்தில் எடை இருந்தது.

தமிழில் 'கேட்பது' என்ற சொல்லுக்கு வினவுவது, செவிகொடுப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. நம்முடைய கருத்துக்கேட்புக் கூட்டங்களில் முதல் பொருள் மட்டும் நடக்கிறது: கேட்கிறார்கள், குறித்துக்கொள்கிறார்கள், போகிறார்கள். 2021 ஏப்ரலில் பெர்ஜர் இறந்தபோது அவரை மகானாக்கி எழுதினார்கள். அவர் விசாரணையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை எளிமையானவை, சட்டவிதிகளாக எழுதக்கூடியவை: அனுமதிக்கு முன் கேள், எதிர்ப்பவருக்கும் செலவுக்குக் கொடு, முழு அறிக்கையையும் மக்கள் மொழியில் கொடு, நேர வரம்பு வைக்காதே, துண்டுபோடாதே. இவற்றோடு நியம்கிரி சேர்த்தது ஒன்று: அவர்கள் 'இல்லை' என்றால் அது இல்லைதான். கடைசியாகச் சொன்ன இந்த ஒன்று இல்லாதவரை மற்றவை எல்லாம் நல்ல பழக்கவழக்கங்கள். எந்த அணையும் எந்தச் சுரங்கமும் நல்ல பழக்கவழக்கங்களுக்கு அஞ்சி நின்றதில்லை.